லாடச் சத்தம்

ஆகஸ்ட் 15-க்கு முந்தைய வாரம் காலை வேளையில் ராஜாஜி சாலைப் பக்கம் வண்டியை விடக் கூடாது என்பது காசிமேட்டுக்காரர்கள் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோட்டை எதிரே அணிவகுப்பு ஒத்திகை நடக்கும், பேரிகேட் போட்டுவிடுவார்கள், சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எனக்கும் தெரியும்தான். ஆனாலும் போன வருடம் தாத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற அவசரத்தில் மறந்துபோய், பீச் ஸ்டேஷன் கிட்டே வகையாக மாட்டிக்கொண்டேன்.

தாத்தாவுக்கு 84 வயது, இரண்டு கண்ணிலும் புரை. பைக்குக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

"டேய், ரெண்டு குதிரை வருது பாரு. பின்னாடி வர்றதுக்கு லாடம் ஆடுது."

திரும்பிப் பார்த்தால் உண்மையிலேயே இரண்டு குதிரைகள், மேலே இரண்டு போலீஸ்காரர்கள். ஒத்திகை முடிந்து நடையில் வந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் டக் டக் டக் டக், அவ்வளவுதான். தாத்தாவுக்கு அதில் ஒரு டக் சரியில்லை.

தாத்தா சின்ன வயதில் ஜட்கா என்கிற குதிரை வண்டி ஓட்டியவர், மின்ட் மணிக்கூண்டு பக்கம்தான் அவருடைய ஸ்டாண்ட். ரிக்‌ஷாவும் ஆட்டோவும் வந்து அந்தப் பிழைப்பைத் தின்றுவிட்டன. அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது சொல்ல வந்தது போலீஸ் குதிரைகளைப் பற்றி. ஏனென்றால் அன்றைக்குப் பிறகு கொஞ்ச நாள் நான் இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊர் போலீசுக்குக் குதிரைப்படை இருப்பது பெரும்பாலோருக்குத் தெரிவதே மெரினாவில்தான். லாயம் புதுப்பேட்டையில். காணும் பொங்கலன்று மணலில் கால் வைக்க இடமில்லாதபோது அந்தக் கூட்டத்துக்கு மேலே குதிரையும் தொப்பியும் மட்டும் மிதந்து போகும், பார்த்திருப்பீர்கள். இந்தக் காலத்தில் எதற்கு இது என்று நானும் கேட்டிருக்கிறேன். மணலில் ஓட நான்கு சக்கர பக்கி வந்துவிட்டது, 2023-ல் அடையாறில் போலீசுக்கென்று ட்ரோன் அலகே திறந்துவிட்டார்கள், மூலைக்கு மூலை கேமரா. அப்புறம் கொள்ளும் புல்லும் போட்டு, தினமும் உடம்பு தேய்த்து, நாலு வாரமோ ஆறு வாரமோ ஆனால் லாடம் மாற்றி, ராத்திரி வயிறு உப்புசம் வந்தால் டாக்டரைக் கூப்பிட்டு (குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து) எதற்கு இந்தப் பாடு?

ட்ரோன் நம்மைப் பார்க்கும், சரி. ஆனால் பிள்ளையைத் தொலைத்த அம்மா ட்ரோனைப் பார்த்து "சார், என் பையனைக் காணோம்" என்று சொல்ல முடியாது. குதிரை மேலே இருப்பவரிடம் சொல்லலாம், அவரைத் தேட வேண்டியதும் இல்லை. அவர் கண் எட்டு ஒன்பது அடி உயரத்தில் இருப்பதால் அவருக்கும் கூட்டம் தெரியும், கூட்டத்துக்கும் அவர் தெரிவார். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவதுதான்.

எங்கள் பக்கத்தில் போலீசோடு பழக்கம் வேறு மாதிரி. ராத்திரி பதினோரு மணிக்கு வேலை முடிந்து வந்தால், "எங்கடா போற, எந்த ஏரியா" என்று கேட்பார்கள், ஏரியா பெயரைச் சொன்னதும் குரல் மாறும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று முகவரி உள்ள எந்தப் பையனைக் கேட்டாலும் இதில் ஒரு கதை வைத்திருப்பான். அதனால் ஜீப் வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும், தானாகக் கிட்டே போகிறவர் யாருமில்லை. குதிரை வந்து நின்றால் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிட்டே போகிறார்கள், "கடிக்குமா சார்?" என்று கேட்கிறார்கள். சார் சிரிக்கிறார். ஜீப்பில் வந்த எந்தப் போலீஸ்காரரும் எங்கள் தெருவில் சிரித்து நான் பார்த்ததில்லை. (ஒருவேளை உள்ளே சிரித்திருக்கலாம், கண்ணாடி கறுப்பு.)

இது என் கற்பனை மட்டுமில்லை. 2014-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பிரிட்டனில் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். நடந்து ரோந்து போகும் போலீஸ்காரரோடு ஒப்பிட்டால், குதிரையில் போகிறவரிடம் ஜனங்கள் ஆறு மடங்கு அதிகமாக வந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். வந்தவர்கள் முக்கால்வாசி குதிரையோடு பேசத்தான் வந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருந்தாலும் வந்தார்களே.

கூட்டத்தைக் குதிரை எப்படி நகர்த்தும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை 1923 ஏப்ரல் 28, லண்டன் வெம்ப்ளி. புது மைதானத்தில் முதல் கால்பந்து இறுதிப்போட்டி, போல்டனுக்கும் வெஸ்ட் ஹாமுக்கும். கணக்கில் வந்தவர்களே 1,26,047 பேர், சுவர் ஏறிக் குதித்தவர்கள் தனி. ஆடுகளம் முழுக்க ஜனம், பந்து வைக்க இடமில்லை. ஜார்ஜ் ஸ்கோரி என்ற போலீஸ்காரர் பில்லி என்கிற தன் குதிரையோடு நடுவில் புகுந்தார். யாரையும் அடிக்கவில்லை. முன்வரிசைக்காரர்களைக் கைகோத்துக்கொள்ளச் சொல்லி, கோடு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தினார். வேறு குதிரைகளும் அங்கே இருந்தன, ஆனால் படத்தில் பளிச்சென்று தெரிந்தது பில்லிதான். அது சாம்பல் நிறக் குதிரையாம், அந்தக் காலப் படத்தில் வெள்ளையாகத் தெரிந்து, ஆட்டத்துக்கே வெள்ளைக் குதிரை இறுதிப்போட்டி என்று பெயர் வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் தாமதம், ஆனால் ஆட்டம் நடந்தது.

இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "குதிரை ஆளை மிதிக்காதுடா, அதுக்கே பயம். பக்கவாட்டுல சாய்ஞ்சா போதும், ஜனம் தானா ஒதுங்கும்" என்றார். போலீஸ் குதிரைக்குச் சொல்லிக்கொடுக்கிற முக்கியமான வித்தையும் அதுதான், நேராகப் பாயாமல் பக்கவாட்டில் அடி வைத்து நகர்வது. குதிரை அடிப்படையில் ஓடித் தப்பிக்கிற பிராணி. கண் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அந்த இரண்டு இடத்திலும் நிற்காதே என்று ஜட்காக்காரர்கள் சொல்வதற்கு அதுதான் காரணம். அப்படிப்பட்ட பிராணியை மேளம், பட்டாசு, புகை, திடீரென்று விரியும் குடை என்று ஒவ்வொன்றாகக் காட்டி, பயந்தாலும் ஓடாமல் நிற்கப் பழக்குகிறார்கள். ஓடாமல் நிற்கத்தான் பழகுகிறது, பயம் போய்விடுவதில்லை. 2024 ஏப்ரலில் லண்டனில் ராணுவக் குதிரைகள், போலீஸ் குதிரைகளைப் போலவே பழக்கப்பட்டவை, கட்டட வேலை நடந்த இடத்தில் சாமான் விழுந்த சத்தத்துக்கு மிரண்டு நடுத்தெருவில் ரத்தத்தோடு ஓடின.

அதனால்தான் குதிரையைப் போராட்டத்துக்குள் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1984 ஜூனில் இங்கிலாந்தில் ஆர்கிரீவ் என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள் மேல் போலீஸ் குதிரைகளை ஓட விட்டார்கள், இத்தனை வருடம் கழித்தும் அந்த ஊர்க்காரர்கள் அதற்கு நியாயம் கேட்கிறார்கள். 2019-ல் அமெரிக்காவில் கால்வெஸ்டன் நகரத்தில் இரண்டு குதிரைப் போலீஸ், கைவிலங்கு போட்ட கறுப்பின மனிதர் ஒருவரைக் கயிற்றில் பிடித்து நடத்திக் கூட்டிப்போன படம் வந்தது, போலீஸ் தலைவரே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மேலே உட்கார்ந்திருப்பவன் சிரித்தால்தான் அந்த உயரம் அழகு. இல்லையென்றால் அது ராஜா காலத்து உயரம்.

குதிரை பக்கமும் பாருங்கள். டேராடூனில் 2016 மார்ச்சில் அரசியல் கட்சி ஊர்வலம் ஒன்றில் சக்திமான் என்ற போலீஸ் குதிரைக்குப் பின்னங்கால் முறிந்தது. காலை எடுத்துவிட்டு செயற்கைக் கால் வைத்தார்கள், ஏப்ரல் 20-ஆம் தேதி செத்துப்போனது. அந்த ஊர்வலத்தில் அதற்கு என்ன கொள்கை இருந்திருக்கும்?

மும்பையில் போக்குவரத்து அதிகமாகிவிட்டது என்று 1932-லேயே குதிரைப்படையைக் கலைத்தார்கள், 2020-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கொல்கத்தாவில் 1840-லிருந்து இருக்கிறது, மைதானத்தில் கால்பந்து ஆட்டம் என்றால் இன்றைக்கும் குதிரை வரும். என்னைக் கேட்டால் கடற்கரைக்கு, திருவிழாவுக்கு, ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். காசிமேட்டு ஞாயிற்றுக்கிழமை மீன் கூட்டத்துக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள், ஐஸ் தண்ணியிலும் செதிலிலும் மனிதனே வழுக்குகிறான்.

சரி, பீச் ஸ்டேஷனுக்கு வருவோம். தாத்தா பைக்கிலிருந்து இறங்கி, கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"பெருசு, ஓரமா நில்லு. உதைக்கும்."

"உதைக்காது சார். எடது பின்னங்கால். ஒரு தபா எறங்கிப் பாருங்க."

முன்னால் போனவர் கடிவாளத்தை இழுத்து நின்று திரும்பிப் பார்த்தார். பின்னால் இருந்தவர் சின்னப் பையன், என் வயதுதான் இருக்கும். என்ன நினைத்தாரோ, அங்கவடியிலிருந்து காலை எடுத்து இறங்கினார். குதிரையின் தொடையிலிருந்து கையைத் தடவிக்கொண்டே கீழே கொண்டுபோய்க் குளம்பைத் தூக்கினார். லாடத்தின் வெளிப்பக்கம் விரல் வைத்து அசைத்தால் ஆடியது. ஒரு ஆணி இல்லை, பக்கத்து ஆணியின் தலை தேய்ந்து வெளியே வந்திருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம், "ஜட்காவா தாத்தா?" என்றார்.

"ஆமா தம்பி. நடத்திக் கூட்டினு போங்க. ஏறாதீங்க. தார் ரோட்ல வழுக்கி உட்டுரும்."

தாத்தா பக்கவாட்டில் போய்க் கழுத்தில் கை வைத்தார். குதிரை காதைத் திருப்பியது, அவ்வளவுதான். அந்தப் பையன் ஏறவில்லை. குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு, பூட்ஸ் தேய, நடந்தே போனார். முன்னால் போனவரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் எங்கள் டோக்கன் நம்பர் எப்போதோ போய்விட்டிருந்தது. திரும்பவும் வரிசையில் நின்று, கடைசியில் கண்ணில் மருந்து விட்டு அரை மணி நேரம் மூடி உட்காரச் சொன்னார்கள். தாத்தா மூடிய கண்ணோடு பெஞ்சில் சாய்ந்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்த ஆணி அடிச்சவன் யாருன்னு கேட்டிருக்கணும்டா" என்றார்.