கி.ரா.வின் இடைசெவலில் ஒரு நாள்

எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், எப்படி எழுதியிருக்கிறார் பாருங்கள்" என்று வியக்கிறவர்கள் உண்டு. அந்த வியப்பில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் எந்தப் பயிற்சியும் இல்லாமல் வானத்திலிருந்து குதித்தவர் என்று ஆகிவிடுமா? அவருடைய முதல் கதை அச்சில் வந்தபோது வயது முப்பத்தைந்தை ஒட்டியிருந்தது. அதுவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார், யாரிடம் என்ன கேட்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்தக் கார்த்திகையில் அவருடைய சொந்த ஊரான இடைசெவலுக்குப் போனதற்குக் காரணம் அதுதான்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் வழியில், நாற்கரச் சாலையை ஒட்டி இருக்கிறது ஊர். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் விரைகிறவர்களுக்கு அது கண்ணில் பட்டு மறையும் ஒரு பெயர்ப்பலகை. தூரத்துப் பேருந்துகள் நிற்காது. கோவில்பட்டியில் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சாலையை விட்டு இறங்கி வரப்பில் பத்தடி வைப்பதற்குள் செருப்பு இரண்டும் கனத்துவிட்டன. கரிசல் அப்படித்தான் பிடிக்கும். அடிப்பக்கம் மட்டும் ஒட்டாமல் பக்கவாட்டிலும் ஏறி அப்பிக்கொள்கிறது. உதறினால் போகாது, குச்சியால்தான் சுரண்ட வேண்டும். நான் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வரப்போரம் ஆட்டுக்குக் கருவேலங்காய் உலுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்.

"யாரு தம்பி? யார் வீட்டுக்கு வந்திருக்கீக?"

"கி.ரா. ஊரைப் பார்க்கலாம்னு வந்தேன், அய்யா."

"நயினாவையா? அப்படிச் சொல்லுங்க. செருப்பைக் கையில எடுத்துக்கோங்க, அதான் தோது."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். உளுந்தும் பாசியும் முளைத்து நாலைந்து இலை விட்டிருந்தன. மக்காச்சோளம் முழங்கால் உயரம். "இந்தா பாருங்க," என்று ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டிக் காட்டினார். "இது தண்ணியக் குடிச்சி உள்ளுக்குள்ள வச்சிக்கிடும். ரெண்டு நல்ல மழை போதும். பெறகு பனியிலயே வெளஞ்சிரும்." மானாவாரி வேளாண்மையின் மொத்தக் கணக்கும் இந்த மூன்று வரியில் அடங்கிவிட்டது. அந்த இரண்டு மழை தப்பினால் வருஷமே தப்பும் என்பதை அவர் சொல்லவில்லை. அவர் முகம் வானத்தைப் பார்த்த விதத்தில் அது இருந்தது.

அதன்பின் அவர் ஒரு காளை மாட்டின் கதையைச் சொல்லத் தொடங்கினார். மாடு தொலைந்துபோனதுதான் கதை. ஆனால் அந்த மாட்டை விற்றவன் யார், அவன் தாத்தாவுக்கு ஏன் அப்படி ஒரு பட்டப்பெயர் வந்தது, அந்தத் தாத்தா கட்டிய பெண் எந்த ஊர், அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஏன் உவர்ப்பு என்றெல்லாம் சுற்றிவிட்டுத்தான் மாட்டுக்கு வந்தார். எனக்குச் சட்டென்று 'கோபல்ல கிராமம்' நாவலின் நடை பிடிபட்டது. தாகத்துக்குத் தண்ணீர் தேடி வரும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காக ஒரு திருடன் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்கிறான்; அவள் அவனுடைய கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொண்டே சாகிறாள். இந்தச் சம்பவத்தை நடுவில் நிறுத்திவிட்டு, பூட்டி மங்கத்தாயாரு அம்மாள் வழியாகத் தெலுங்கு தேசத்திலிருந்து அந்தக் குடும்பங்கள் தப்பி வந்த கதைக்குள் போய்விடுவார் கி.ரா. கதைக்கோப்பு தளர்ந்த நாவல் என்று அதைச் சொன்னவர்கள் உண்டு. இந்த வரப்பில் நின்று ஒருமுறை கதை கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே கதை அப்படித்தான் நடக்கும்.

சிறுவயதில் கி.ரா.வுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. இளமையில் காசநோயும் பிடித்தது. படிப்பு நின்றது. ஊரே காட்டில் வேலை செய்யும்போது உட்கார்ந்து கேட்கிறவராக, பார்க்கிறவராக ஒரு பையன் இருந்திருக்கிறான். அந்தக் கண்களின் கணக்கு 'பிஞ்சுகள்' குறுநாவலில் இருக்கிறது. பறவை முட்டைகளைத் தேடி அலையும் வெங்கடேசு என்ற பையனைப் படித்தவர்களுக்கு, அத்தனை பறவையும் அத்தனை முட்டையும் புத்தகத்திலிருந்து வந்தவை அல்ல என்பது தெரியும்.

ஆனால் கேள்வி ஞானம் மட்டும்தான் என்று முடித்துவிடவும் முடியாது. இதே ஊரில், ஏறக்குறைய இதே வயதில், பின்னாளில் எழுத்தாளரான கு. அழகிரிசாமி இருந்தார். பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை. இவர் விட்ட படிப்பை அவர் தொடர்ந்தார். இருவருக்கும் இலக்கியப் பித்து, அதைவிடப் பெரிய இசைப் பித்து. விளாத்திகுளம் சுவாமிகளின் சங்கீதத்தை அருகிருந்து கேட்டு வளர்ந்தார்கள். கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் அவர்கள் உலகத்தில் உண்டு. ஒரு ராகத்தை அவசரப்படாமல் விரித்துக்கொண்டே போகிற பொறுமையை மணிக்கணக்கில் கேட்டவருக்கு, ஒரு கதையை எங்கே நிறுத்துவது, எங்கே நீட்டுவது என்பது காதிலேயே பதிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். குற்றாலத்துக்கு இலக்கிய ரசனையாளரான ரசிகமணி டி.கே.சி.யைத் தேடிப் போய் அவர் கவிதை சொல்லக் கேட்டதும் இந்தக் காலத்தில்தான். பல்கலைக்கழகம் கொடுக்காத பாடம் இது.

அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குப் போனதும் கடிதங்கள் தொடங்கின. கி.ரா.வின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கடித உறவைத்தான் என்பேன். படித்தது, கேட்டது, ஊரில் நடந்தது எல்லாவற்றையும் எதிராளி ரசிக்கும்படி எழுத வேண்டிய கட்டாயம் அதில் இருந்தது. அதுவும் எதிராளி அழகிரிசாமி போன்ற கறாரான ரசிகர் என்றால் ஒரு வரியைக்கூட ஏனோதானோவென்று எழுத முடியாது. கதை எழுதுவதற்கு முன்பே அவர் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டுதான் இருந்தார். அது அச்சுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

இடையில் கம்யூனிஸ்ட் கட்சி, விவசாயிகள் போராட்டம், சிறை. 1950களின் கடைசியில் 'சரஸ்வதி' இதழில் 'மாயமான்' வெளிவந்தபோது, அது கிணறு வெட்ட அரசாங்கக் கடன் வாங்கி நொடித்துப்போகும் ஒரு சம்சாரியின், அதாவது விவசாயியின், கதையாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அடுத்து 'கதவு'. தீர்வை (நிலவரி) பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கதவில் ஏறிப் பேருந்து விளையாட்டு விளையாடிய பிள்ளைகள் பிறகு அதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஊருக்குள் நடக்கும்போது பழைய வீட்டு நிலைக்கதவு ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. அப்போது அவர் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு அதே விருது 1970இல், அவர் மறைந்த பிறகு வந்தது. ஒரு சின்னக் கரிசல் கிராமத்துக்கு இரண்டு விருது. 2021 மே மாதம் புதுச்சேரியில் மறைந்த கி.ரா.வை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கோவில்பட்டியில் அரசு அவருக்கு நினைவரங்கமும் கட்டியிருக்கிறது. திரும்பும் வழியில் அங்கேயும் போனேன். சிலை இருக்கிறது, பார்க்கலாம்.

போக நினைப்பவர்கள் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில் போங்கள். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் நிலத்தைப் பார்த்துவிட்டு, இதிலா இத்தனை விளைந்தது என்று திரும்பிவிடுவீர்கள். போவதற்கு முன் 'கதவு' தொகுப்பையும் அழகிரிசாமியின் கடிதங்களையும் வாசித்துவிடுங்கள். ஊரில் யாராவது பேச்சுக்கொடுத்தால் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு உட்காருங்கள். மாடு கடைசியில் எட்டயபுரம் சந்தையில் கிடைத்தது என்பது எனக்குத் தெரியவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.