நிலக்கரிப் பாறை இலைப் படிவம்: எடுப்பதும் குமரி ஈரத்தில் காப்பதும்

குமரி மாவட்டத்தின் வேளிமலையிலும் மருத்துவாமலையிலும் எவ்வளவு உடைத்தாலும் இலைப் படிவம், அதாவது கல்லில் பதிந்த பழங்கால இலை, கிடைக்காது. நம்மூர்ப் பாறைகளான சார்னோகைட்டும் கோண்டலைட்டும் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. இலைத் தடம் எதுவும் அதில் மிஞ்சாது. குளோசோப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் இலை வேண்டுமென்றால் நாங்கள் போவது கோதாவரிப் பள்ளத்தாக்கின் நிலக்கரிப் பகுதிக்கு. ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் வாரங்கல் போய் இறங்கினால் அங்கிருந்து பஸ்.

சுரங்க நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் முன்பே வாங்கிவிட வேண்டும். எவ்வளவு கல் எடுப்போம் என்பதும் அதில் இருந்தால் வெளியே வரும்போது சிக்கல் இல்லை. ஹெல்மெட், பூட்ஸ், கண்ணாடி கட்டாயம். திறந்தவெளிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான் நல்ல இடம். மழை பெய்த மறுநாள் அதன் சரிவில் ஏறவே கூடாது, சரிந்துவிடும்.

நிலக்கரிக்குள் இலையைத் தேடிப் பயனில்லை. கரி அடுக்குக்கு மேலே கூரைபோலக் கிடக்கும் சாம்பல்நிற ஷேலில்தான் (ஏடு ஏடாகப் பிளக்கும் களிப்பாறை) இலை தெளிவாக இருக்கும். அடுக்குக்குக் கீழுள்ள களிமண் பாறையில் வெர்டிப்ரேரியா என்ற வேர் கிடைக்கும். நடுநரம்பும் வலைநரம்பும் கொண்ட நாக்கு வடிவ இலை குளோசோப்டெரிஸ். நடுநரம்பு இல்லாதது கங்கமோப்டெரிஸ். பத்து மடங்கு லென்ஸை வைத்து, வெயிலைச் சாய்வாக விழவிட்டுப் பார்த்தால் அங்கேயே பிரித்துவிடலாம்.

ஒரு கிலோ சுத்தியலும் தட்டை உளியும் போதும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் இலைக்குக் குறுக்கே உடையும். கல்லை நிறுத்திவைத்து, அடுக்கும் அடுக்கும் சேரும் படிவு வரியில் உளியை வைத்துச் சுற்றிலும் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால் தானாக வாய் திறக்கும். இரண்டு பாதியும் முக்கியம். ஒன்றில் இல்லாத நரம்பு மற்றதில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே எண் போட்டு 'அ', 'ஆ' என்று பின்பக்கம் எழுத வேண்டும். எந்தக் கரி அடுக்கு, அதற்கு எவ்வளவு உயரத்தில், என்ன தேதி என்பதெல்லாம் நோட்டில் ஏறாத கல், ஆய்வுக்கு வெறும் கல்தான்.

கல்லைச் சுற்ற முதலில் டிஷ்யூ, அதன்மேல் செய்தித்தாள். பஞ்சு வேண்டாம், நார் இலை கரியாகிப் படிந்த கரிப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் கற்களைப் படுக்கவைத்து அடுக்கினால் அடிக்கல் நொறுங்கும். புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோதான் இலவசம், அதற்குள் தேர்ந்தெடுத்து வருவது நல்லது.

பெரும்பாலான படிவங்கள் சாவது வீட்டுக்கு வந்த பிறகு. ஈரமான ஷேலை வெயிலில் வைத்தால் ஏடு ஏடாகப் பிளந்துவிடும். செய்தித்தாளில் சுற்றி நிழலான அறையில் வைத்து, தாள் ஈரமாகும்போதெல்லாம் மாற்றி, வாரக்கணக்கில் மெதுவாகக் காயவிட வேண்டும். கழுவவே கூடாது. ஃபெவிகாலும் ஆகாது: அதிலுள்ள தண்ணீரைக் குடித்துக் களி உப்பிவிடும். கரிப்படலம் உரியும் இடத்தில் மட்டும் 5 கிராம் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை 100 மில்லி அசிட்டோனில் கரைத்து மெல்லிய பிரஷால் தொட்டுவைக்கிறோம். மழை நாளில் இதைச் செய்தால் அசிட்டோன் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூத்துவிடும். நுண்ணோக்கியில் இலைத்தோலை ஆராய எடுத்துவைக்கும் துண்டில் எதையும் பூச வேண்டாம்.

நமக்கு இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, கூடவே கடற்காற்று. ஈரப்பதம் 60 சதவீதம் தாண்டினால் ஷேலில் உள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) வேகமாகச் சிதைந்து கந்தக அமிலமாகும். வெளிர்மஞ்சள் பொடியும் கந்தக வாடையும் அதன் அடையாளம். அந்த அமிலம் லேபிளையே தின்றுவிடும், எண் போனால் கல்லும் போனது. பொடி கண்ட கல்லை உடனே தனிப் பெட்டிக்கு மாற்றி, உலர்ந்த பிரஷால் தட்டி, புது லேபிள் எழுதுங்கள். மற்றவற்றை ரப்பர் வளையமுள்ள காற்றுப்புகா டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். நீல மணி இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் ஓவனில் சூடாக்கித் திரும்பப் போடலாம். வைகாசி பிறக்கும்போதே எல்லா டப்பாவையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறோம்.