ஜெயித்தும் உள்ளே போக முடியாத 23 பேர்

ஊட்டியில் அரசியல் அறிவியல் படிக்கிற பிள்ளைகள் ஜெர்மன் தேர்தல் பாடத்தில் இடறுகிற இடம் எப்போதும் ஒன்றுதான். நமக்குத் தேர்தல் என்றாலே தொகுதி. ஊட்டி, குன்னூர், கூடலூர் மலைமேல். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே. ஆறையும் சேர்த்து யாருக்கு ஓட்டு அதிகமோ அவர்தான் நீலகிரி எம்.பி. இந்தக் கண்ணோடு 2025 பிப்ரவரி 23 முடிவைப் பார்த்தால் தலை சுற்றும். 299 தொகுதிகளில் முதலிடம் பிடித்தவர்களில் 23 பேருக்கு ஜெர்மன் நாடாளுமன்ற அவையான புண்டஸ்டாகில் இடமே கிடைக்கவில்லை.

2023 சட்டத்திருத்தம் அவையை 630 இடங்களில் நிறுத்திவிட்டது. அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு: முதலாவது தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்கு. கட்சிக்கு எத்தனை இடம் என்பதை இரண்டாம் ஓட்டு மட்டும்தான் முடிவுசெய்யும். ஒரு மாநிலத்தில் அந்தக் கணக்கைவிட அதிகத் தொகுதிகளைக் கட்சி ஜெயித்தால், குறைந்த ஓட்டு சதவீதத்தில் ஜெயித்தவர்கள் வெளியே. பல்கலைக்கழக ஊரான டூபிங்கனில் ஜெயித்தவர் இப்படி நின்றுபோனார்; அந்தத் தொகுதியிலிருந்து பட்டியல் வழியாகவும் யாரும் போகவில்லை. நம்ம ஊரில் இப்படி நடந்தால் சாரிங் கிராஸில் மறியல்தான்.

இடப் பங்கீட்டைப் பலகையில் போட்டுப் பார்த்தால்தான் புரியும். மூன்று கட்சி, 7 இடம். அ 51,000 ஓட்டு, ஆ 25,000, இ 24,000. ஜெர்மனியின் சாந்த்-லாக்யூ முறைப்படி ஒவ்வொன்றையும் 1, 3, 5, 7 என்று வகுத்து, கிடைப்பதில் பெரிய 7 எண்களை எடுங்கள். அ-வுக்கு 51,000, 17,000, 10,200. ஆ-வுக்கு 25,000, 8,333. இ-க்கு 24,000, 8,000. அ-வின் அடுத்த எண் 7,286, எட்டாவதாகப் போய்விடுகிறது. ஆக 3, 2, 2. பாதிக்கு மேல் ஓட்டு வாங்கியும் மெஜாரிட்டி இல்லை! அதே ஓட்டை ஸ்பெயினின் டோன்ட் முறைப்படி 1, 2, 3, 4 என்று வகுத்தால் 4, 2, 1.

வகுப்பதற்கு முன்னால் 5 சதவீதத்தைத் தொடாத கட்சிகளைக் கழித்துவிட வேண்டும். (மூன்று தொகுதி ஜெயித்திருந்தால் விலக்கு, 2021இல் இடதுசாரிக் கட்சி தப்பியது அப்படித்தான்.) விடைத்தாளில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். 2025இல் முதலிடம் பிடித்த பழமைவாத சி.டி.யு.–சி.எஸ்.யு. அணி வாங்கியது 28.5 சதவீதம், இடமோ 208, அதாவது 33 சதவீதம். இது எப்படி என்று கேட்டால் முழிக்கிறார்கள். உள்ளே வந்த கட்சிகளின் மொத்தம் ஏறக்குறைய 86 சதவீதம்தான், 28.5ஐ அதால் வகுத்தால் சரியாக வரும். சாரா வாகன்க்னெக்ட் கட்சி 4.98இல் நின்றது. அது மட்டும் தாண்டியிருந்தால் சி.டி.யு. தலைவர் மெர்ட்ஸுக்கு, தன் அணியும் சமூக ஜனநாயகக் கட்சியும் (எஸ்.பி.டி.) சேர்ந்த கூட்டணி போதாது.

போதுமான கூட்டணியும் முதல் சுற்றில் கைகொடுக்கவில்லை என்பது வேறு கதை. கூட்டணிக்கு 328 பேர், தேவை 316. மே 6 அன்று அவையில் நடந்த சான்சலர் (அங்கே பிரதமர் மாதிரி) தேர்தலின் முதல் சுற்றில் மெர்ட்ஸுக்கு விழுந்தது 310. அன்றே இரண்டாம் சுற்றில்தான் தேறினார். 18 பேராவது காலை வாரியிருக்கிறார்கள். யாரென்று தெரியாது, வாக்கெடுப்பு ரகசியம். நம் பத்தாவது அட்டவணை மாதிரி கட்சித்தாவல் தடைச் சட்டம் அங்கே கிடையாது என்பதையும் சேர்த்து எழுதினால் 10 மார்க் கேள்விக்குப் பதில் கனமாக இருக்கும்.

கைடில் இன்னும் 598 இடம் என்று இருந்தால் அடித்துவிட்டு 630 என்று எழுதிக்கொள்ளுங்கள். மிகை இடங்கள் (கணக்கைவிட அதிகமாக ஜெயித்த தொகுதிகளுக்காகப் பழைய சட்டம் கூட்டிக் கொடுத்த இடங்கள்) பற்றிய பத்தி வரலாற்றுக் கேள்விக்கு மட்டும்தான் உதவும்.