உறவுமுறை என்ற கட்டம்

17 அக்டோபர் 2023, செவ்வாய். அல்சூர், பெங்களூரு

தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நேரலையில் கேட்பதற்காக நானும் என் இணையும் விடுப்பு எடுத்திருந்தோம். எங்களைப் போன்றோர் சேர்ந்து வாழும் உறவை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் வாசித்தபோது அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். அது ஐந்து நீதிபதிகளில் சிறுபான்மையினரின் கருத்து மட்டுமே என்பது நீதிபதி ரவீந்திர பட் வாசித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவரும் ஒன்றுபட்டார்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் கை வைப்பது தங்கள் வேலையல்ல என்றும் சொல்லிவிட்டார்கள். மாலையில் அம்மா வேலூரிலிருந்து அழைத்து, மழையைப் பற்றி மட்டும் பேசினார்.

14 ஏப்ரல் 2024, ஞாயிறு

மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் இடித்துக்கொண்டிருந்தபோது ஓட்டுக் கேட்டு வந்தார்கள். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். எங்களைப் போன்ற இணையர்களின் உறவுக்குச் சட்ட அங்கீகாரம் தருவதாகக் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் இம்முறை தேர்தல் அறிக்கையில் எழுதியிருக்கின்றன, உங்கள் அறிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பையன், "அக்கா, தண்ணி லாரி வேணும்னா சொல்லுங்க, சாயங்காலமே அனுப்பறேன். இத மேல கேட்டுத்தான் சொல்லணும்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை; போர்வெல் வற்றிப்போன தெருவில் அது நேர்மையான பதில், மேலும் தண்ணீர் எங்களுக்கும்தான் வேண்டும். 2020 செப்டம்பருக்குப் பிறகு இந்த மாநகராட்சிக்குக் கவுன்சிலர்களே இல்லாததால், வார்டு அளவில் போய் நிற்பதற்கும் எங்களுக்கு ஒரு வாசல் இல்லை.

23 செப்டம்பர் 2024, திங்கள்

ரேஷன் கார்டு விஷயத்தில் தன்பாலின இணையரை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று ஒன்றிய உணவுத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருப்பதாக இம்மாதம் 1ஆம் தேதி அரசுச் செய்திக் குறிப்பு வந்தது. அதை அச்செடுத்து, நெகிழி உறையில் போட்டு, ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் கணினித் திரையைப் பார்த்தபடியே "சம்பந்தா ஏனு?" என்று கன்னடத்தில் உறவுமுறையைக் கேட்டார். அவள் "குடும்பம்" என்றாள். அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்: மகள், மருமகள், நாத்தனார் என்று நீண்ட பட்டியலில் எங்களுக்கென்று ஒரு வரி இல்லை. நாத்தனார் என்றே போட்டுவிடலாமே என்று அவர் பரிவோடுதான் சொன்னார். பதினோரு ஆண்டுகளாக வீட்டு உரிமையாளர்களிடம் அத்தை மகள் என்று சொல்லி வந்தவர்கள் நாங்கள். அரசாங்கத் தாளிலும் அந்தப் பொய்யை எழுத மனம் ஒப்பவில்லை. மாநில அரசின் ஆணை வந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

திருமண வழக்குத் தீர்ப்பின் மீதான மறுஆய்வு மனுக்களை வியாழக்கிழமை நீதிபதிகள் தங்கள் அறையிலேயே தள்ளுபடி செய்துவிட்டார்கள். எனக்கு அது முன்பு போல் வலிக்கவில்லை. மாநில அரசு அந்த ரேஷன் ஆணையைப் பிறப்பிக்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதிய மனுவுக்காக, இன்று காலை ஏரிக்கரையில் ஏழு பேராக நின்று கையெழுத்து வாங்கினோம். திருமணம் என்ற சொல்லை மனுவில் சேர்க்க வேண்டும் என்று எங்களில் இருவர் வாதிட்டார்கள். அட்டை முதலில் வரட்டும் என்றேன் நான், அதற்குக் கோழை என்று பெயர் வாங்கினேன். அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே அடுப்புலதானே சமைக்கிறீங்க?" என்றார். ஆமாம் என்றோம். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, எங்களிடம் மைப்பெட்டி இல்லை. அடுத்த ஞாயிறு கொண்டுபோக வேண்டும்.