பாய்மரத்துக்குப் புதுக்கால்

நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் முட்டம் பஸ் ஏறும்போது எனக்கு இருந்த திட்டம் சின்னது. கலங்கரை விளக்கம், பாறைகள், சூரியன் கடலில் இறங்குவது, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது. ஆனால் நான்கு நாள் தங்கிவிட்டேன், ஒரு மரத்துக்காக.

முட்டத்தை ஒட்டிய கடியப்பட்டணத்தில் என் நண்பனின் பாட்டா, அதாவது தாத்தா, இருக்கிறார். கரை முழுக்க ஃபைபர் படகுகள், எல்லாவற்றிலும் எஞ்சின். அவற்றுக்கு நடுவே அவருடைய பழைய மரவள்ளம் மட்டும் பாயோடு நிற்கிறது. நான் போன அன்று அதன் பாய்மரத்தைக் கழற்றி மணலில் இரண்டு கட்டைமேல் கிடத்தியிருந்தார்கள். முந்தின வாரம் காற்று திடீரென்று திரும்பி அடித்ததில் அடியில் சடக் என்று சத்தம் கேட்டிருக்கிறது, உடனே பாயை இறக்கித் துடுப்பு போட்டே கரை வந்திருக்கிறார்.

வெளியே பார்த்தால் ஒரு சாண் நீளக் கீறல், அவ்வளவுதான். கீறலில் பசையை ஊற்றிக் கயிறு சுற்றினால் போதாதா என்று கேட்டேன். பாட்டா ஒன்றும் சொல்லாமல் கத்தியை எடுத்து மரத்தின் அடிப்பாகத்தில் குத்தினார், வெண்ணெயில் இறங்குவதுபோல இரண்டு அங்குலம் உள்ளே போனது.

"மக்ளே, காத்து ஒடைக்கல்ல. மழைத்தண்ணி தின்னதாக்கும்."

வள்ளத்தில் பாய்மரம் குறுக்குப் பலகையின் துளை வழியாக இறங்கி, அடித்தட்டில் இருக்கும் ஒரு கட்டையின் குழியில் உட்காரும். அந்தக் குழியில் மழைநீர் தேங்கினால் வடிய வழியில்லை. மரத்தை உளுத்துப்போக வைக்கும் பூஞ்சணத்துக்கு உப்புத்தண்ணீர் ஆகாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். கடலிலேயே கிடக்கும் மரத்தைத் துளைக்கும் புழு வேறு சங்கதி, அதற்காகவும்தான் கட்டுமரத்தைக் கரையேற்றி, கட்டு அவிழ்த்துக் காயப்போடுவது. எனக்கு இது புதுச் செய்தி. கடல்தான் மரத்தைக் கெடுக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

மறுநாள் ஆசாரி வந்தார். உளுத்ததை மட்டும் வெட்டவில்லை, அதற்கு மேலே நல்ல மரமாகத் தெரிந்த இடத்திலும் ஓரடி சேர்த்து வெட்டினார், ஏனென்றால் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. அப்புறம்தான் நான் மறக்க முடியாத வேலை. புதுத்துண்டை நேராக முட்டவைத்து ஒட்டக் கூடாது, அது முதல் காற்றிலேயே பிய்ந்துவிடும். இரண்டு முனையையும் நீளச் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைக்க வேண்டும். மரத்தின் கனம் 4 அங்குலம், சரிவின் நீளம் 3 அடி. கனத்தைப்போல எட்டு மடங்குக்குக் குறையவே கூடாது என்றார். ஒட்டுகிற பரப்பு பெரிதாகிறது, இழுவை ஓரிடத்தில் விழாமல் பரவுகிறது. ஒரு முழு நாள் இழைப்புளி ஓடியது. சீவுவதும், சேர்த்துப் பார்ப்பதும், வெளிச்சம் ஊடே தெரிந்தால் மறுபடி பிரித்துச் சீவுவதும். பொறுமை இழக்காமல் அவர் அதைச் செய்ததைப் பார்க்கவே அந்தப் பயணம் போதும்.

பசை, ஃபைபர் படகுக்காரர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும் எபாக்சி, இரண்டு டப்பாவைக் கலப்பது. வெயிலில் கலந்தால் கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும் என்பதால் சாயங்காலம்வரை காத்திருந்தோம். நான் ஆர்வத்தில் கயிற்றை முழு பலத்தோடு முறுக்கப்போனேன், ஆசாரி கையைப் பிடித்து நிறுத்தினார். ரொம்ப இறுக்கினால் பசை எல்லாம் வெளியே பிதுங்கி, உள்ளே ஒட்ட எதுவும் மிஞ்சாதாம். பசை ஓரத்தில் எட்டிப் பார்க்கும் அளவுக்கு மட்டும் கட்டி, ஆப்பு வைத்து, இரவு முழுக்க யாரும் தொடாமல் விட்டோம்.

மூன்றாம் நாள் உருட்டி இழைத்து, பொருத்தின்மேல் நைலான் கயிறு நெருக்கமாகச் சுற்றி, புன்னை எண்ணெய் பூசினோம். அந்தக் காட்டமான வாசனை என் சட்டையில் இன்னும் இருக்கிறது. குழிக்கட்டையில் பாட்டா தானே ஒரு துளை போட்டார், தண்ணீர் வடிய. முப்பது வருஷத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டியது என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

பஸ் டிக்கெட் எடுத்து வருகிறவர்களுக்கு முட்டம் பாறையும் சூரியனும் போதும்தான். ஆனால் கரையில் யாராவது மரவேலை செய்துகொண்டிருந்தால் தயவுசெய்து நில்லுங்கள், கேளுங்கள், சொல்லித் தருவார்கள்.

நான்காம் நாள் விடியலில் நாலு பேர் சேர்ந்து மரத்தைத் தூக்கிக் குழியில் இறக்கினோம். பாட்டா பாயை விரித்தார். காற்று பிடித்ததும் அவர் மேலே பார்க்கவில்லை, குனிந்து அடியில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சத்தமே இல்லை.