கடவுளின் மரணமும் ஒரு பூங்கா இருக்கையும்

பிரிட்டிஷ் எழுத்தாளர் பிலிப் புல்மன் சிறாருக்காக எழுதிய ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ முத்தொகுதியை அண்மையில் மூன்றாம் முறையாக வாசித்து முடித்தபோது, ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக இறுதி நூலின் பிற்பகுதிக்குத் திரும்பிச் சென்றேன். கடவுளைக் கொன்ற கதை என்று கால் நூற்றாண்டாக இகழவும் புகழவும் படும் இந்த நூலில், அந்த மரணம் உண்மையில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் கதையில் அதற்கு ஓரிரு பக்கங்களே கிடைத்திருக்கின்றன. போர்க்களத்தின் ஓரத்தில் பளிங்குப் பல்லக்கு ஒன்று கிடக்கிறது. அதற்குள், நினைவு தப்பி, குழந்தையைப் போல அழுதுகொண்டு, அச்சத்தில் நடுங்கும் ஒரு முதியவர் இருக்கிறார். கதையின் நாயகர்களான லைரா என்ற சிறுமியும் வில் என்ற சிறுவனும் அவர்மீது இரக்கம் கொண்டு பல்லக்கை அறுத்துத் திறந்து அவரை வெளியே எடுக்கிறார்கள். காற்றுப் பட்டதும் அவர் உடல் கலைந்து மறைகிறது. அந்த முகத்தில் கடைசியாகத் தென்படுவது நிம்மதி. தாங்கள் யாரை விடுவித்தோம் என்பதுகூட அந்தச் சிறுவர்களுக்குத் தெரியாது.

இதைத்தான் இத்தனை பேர் இத்தனை ஆண்டுகளாகக் கொலை என்று அழைத்து வருகிறார்கள்.

முதல் நூல் 1995இல் பிரிட்டனில் ‘நார்தர்ன் லைட்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்து, சிறார் இலக்கியத்துக்கான கார்னகி பதக்கத்தைப் பெற்றது. அமெரிக்காவில் அதற்கு ‘தி கோல்டன் காம்பஸ்’ என்று பெயர். 1997இல் ‘தி சட்டில் நைஃப்’ வந்தது, 2000இல் ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ வந்தது. இறுதி நூல் விட்பிரெட் இலக்கிய விருதுகளில் 2001ஆம் ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்வானது. சிறார் நூல் ஒன்று அந்த இடத்தை அடைந்தது அதுவே முதல் முறை. விருது அறிவிக்கப்பட்ட 2002ஆம் ஆண்டிலேயே, பீட்டர் ஹிச்சன்ஸ் என்ற பத்தி எழுத்தாளர் புல்மனைப் பிரிட்டனின் மிக ஆபத்தான எழுத்தாளர் என்று குறித்தார். மறு ஆண்டு பிபிசி நடத்திய வாக்கெடுப்பில், பிரிட்டிஷ் வாசகர்கள் தங்கள் மனத்துக்கு நெருக்கமான நூல்களின் வரிசையில் இந்த முத்தொகுதிக்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள். ஆபத்து என்று சொல்லப்பட்டதற்குப் பிறகும் கொடுத்தார்கள் என்பதா, சொல்லப்பட்டதாலேயே கொடுத்தார்கள் என்பதா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

அமெரிக்காவில் எதிர்ப்பு தாமதமாகத்தான் வெடித்தது. 2007இல் முதல் நூல் திரைப்படமாக வந்தபோது கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது. படத்தைவிட, படத்தைப் பார்த்துவிட்டு நூலைக் கேட்கப் போகும் பிள்ளைகளைப் பற்றியே அவர்கள் கவலைப்பட்டார்கள். நூலகங்களிலிருந்து நீக்கக் கோரப்பட்ட நூல்களை ஆண்டுதோறும் பட்டியலிடும் அமெரிக்க நூலகச் சங்கத்தின் 2008ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த முத்தொகுதி இரண்டாம் இடத்தில் இருந்தது. படமோ, எவரையும் புண்படுத்தாதிருக்கத் திருச்சபை பற்றிய குறிப்புகளை மங்கலாக்கியதால், மதச்சார்பற்ற அமைப்புகளின் கண்டனத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. அதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

நூலைத் திறந்தே பாராமல் எதிர்த்தவர்களைக் கேலி செய்வது எளிது. கதையில் ஒவ்வொரு மனிதருக்கும் உடன் வாழும் விலங்கு வடிவ ஆன்மாவுக்கு டீமன் என்று பெயர் என்பதைக் கேட்ட மாத்திரத்திலேயே, அது பிசாசுதான் என்று முடிவு செய்துகொண்டவர்கள் உண்டு. அந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. தனக்குள்ளிருந்து தன்னைத் தடுக்கும் ஒரு குரலைச் சாக்ரட்டீஸ் குறிப்பிட்ட சொல்லோடு உறவுடையது. ஆனால் என்னை அதிகம் உறுத்துவது மறுதரப்பு. நூலை விரும்பி வாசித்தவர்களிலும் கணிசமானோர், ஏதோ ஒரு வழக்கில் தங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்துவிட்டது போல அதைக் கொண்டாடுகிறார்கள். முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லக்கில் இருப்பவர் படைத்தவர் அல்லர் என்பதைக் கதை ஒளிக்கவில்லை. அவர் முதலில் தோன்றிய தேவதூதர் மட்டுமே. தமக்குப் பின் வந்தவர்களிடம் தாமே அவர்களைப் படைத்ததாகப் பொய் சொல்லி அரியணையில் அமர்ந்தவர். இது கதைக்குள்ளேயே, பால்தமோஸ் என்ற தேவதூதரின் வாயால் தெளிவாகச் சொல்லப்படுகிறது. எதிர்த்தவர்களும் ஆர்ப்பரித்தவர்களும் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறார்கள்.

அதைத் தாண்டிப் போகாமல் நின்று வாசித்தவர்களில் ஒருவர், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரியின் பேராயராக இருந்தார் என்பது இந்தக் கதையின் வரவேற்பில் எனக்கு மிகப் பிடித்த செய்தி. லண்டனின் நேஷனல் தியேட்டர் இந்த முத்தொகுதியை நாடகமாக்கியபோது அதைப் பார்த்த ரோவன் வில்லியம்ஸ் பாராட்டி எழுதியதோடு, 2004 மார்ச்சில் அதே அரங்கில் புல்மனோடு அமர்ந்து பொதுவில் உரையாடவும் செய்தார். மூப்படையவும் சாகவும் கூடிய ஒருவரைக் கிறித்தவர்கள் கடவுள் என்று வணங்குவதில்லை, ஆகவே இங்கே இறப்பது தங்கள் கடவுள் அல்லர் என்பது அவருடைய வாதத்தின் ஒரு பாதி. அப்படிப்பட்ட ஒரு கொடுங்கோலரையே மக்கள் கடவுள் என்று புரிந்துகொள்ளும்படி திருச்சபை பேசியிருக்குமானால், அதை இந்த நாடகத்தின் வழியே பார்த்துக்கொள்வது நல்லது என்பது மறுபாதி. இவ்வளவு பெரிய திருச்சபை அமைப்பு நிறைந்திருக்கும் கதையில் இயேசு எங்கே என்ற கேள்வியும் அந்த உரையாடலில் எழுந்தது. 2010இல் புல்மன் இயேசுவைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதியதைப் பார்க்கும்போது, அந்தக் கேள்வி எளிதில் விட்டுப் போகும் கேள்வியாக இருக்கவில்லை என்று தெரிகிறது.

என் நெருங்கிய தோழி ஒருவர், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குச் செல்பவர், இந்த நூல்களை என் வற்புறுத்தலால் வாசித்தார். இறைநிந்தனை என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவருடைய குறை வேறு: மூன்று நூல்களிலும் ஒரே ஒரு நல்ல பாதிரியார்கூட இல்லையே என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் அது நியாயமான குறைதான். இனிச் செய்யப்போகும் பாவத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு சிறுமியைக் கொல்லத் துப்பாக்கியோடு புறப்படும் பாதிரியார் கோமஸ் என்ற பாத்திரம் பயங்கரமான, மறக்க முடியாத கற்பனை. ஆனால் அவருக்கு எதிரே நிறுத்த அதே அங்கியில் ஒரு கனிந்த முகம் இல்லாதபோது, வாசகருக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. 2017இல் வெளிவந்த ‘லா பெல் சாவேஜ்’ நூலில், கைக்குழந்தையான லைராவைக் காக்கும் காட்ஸ்டோ மடத்துக் கன்னியாஸ்திரீகள் அன்பே உருவானவர்களாக வருகிறார்கள். அதைப் பதிலாக ஏற்றுக்கொள்ளலாமா என்று தோழியிடம் கேட்டேன். பதினேழு ஆண்டுகள் தாமதம் என்றார்.

பக்தியோடு தொடர்பில்லாத வாசகர்களிடமிருந்தும் அடிக்கடி வரும் இன்னொரு குறை, மூன்றாம் நூலில் கதைசொல்லி விலகிக்கொள்ள, அவர் இடத்தில் பிரசங்கி ஏறிக்கொள்கிறார் என்பது. பிரசங்க மேடையை இடிக்கப் புறப்பட்டவர் அதன் மரத்தைக் கொண்டே தமக்கொரு மேடை செய்துகொண்டார் என்று நான் இதைச் சொல்வேன். ஆயினும் குறை முழுவதும் உண்மையா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. முன்பு கன்னியாஸ்திரீயாக இருந்து இயற்பியலாளரான மேரி மலோன், கிறித்தவம் ஆற்றல் மிக்க, நம்பத் தூண்டும் ஒரு பிழை என்ற பொருள்பட ஒரு வாக்கியம் பேசுகிறார். நூலை விரும்புகிறவர்களும் வெறுக்கிறவர்களும் தவறாமல் எடுத்துக்காட்டும் வாக்கியம் அதுதான். அதே இடத்தில் அவர் இன்னொன்றையும் சொல்கிறார். லிஸ்பனில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தபோது, இரவுணவு வேளையில் பாதாமும் சர்க்கரையும் சேர்ந்த மார்சிபன் என்ற இனிப்பின் சுவை நினைவுக்கு வர, பன்னிரண்டு வயதில் அதைத் தன் வாயில் ஊட்டிய ஒரு பையனை நினைத்துக்கொள்கிறார். அந்த இரவிலேயே அவருடைய துறவு முடிந்துவிடுகிறது. முதல் வாக்கியம் என்னை எங்கும் நகர்த்தவில்லை. அந்த இனிப்பு நகர்த்தியது.

இந்த வேறுபாட்டை அளக்கும் கோலை நூலே நம் கையில் கொடுத்திருக்கிறது என்பதுதான் விந்தை. மரித்தோர் உலகின் வாயிலில், லைரா தான் நன்றாகப் பழகிய பொய்க்கதையை அவிழ்த்துவிடும்போது, பெண் முகமும் கழுகின் உடலுமாகிய ஹார்ப்பிகள் வெகுண்டெழுந்து அவளைத் தாக்குகின்றன. பிறகு, உள்ளே தவித்துக் கிடக்கும் குழந்தைகளின் ஆவிகளுக்கு, ஆக்ஸ்போர்டின் களிமண் குழிகளில் மற்றச் சிறுவர்களோடு போட்ட சண்டையை, அந்த மண்ணின் வாடையோடும் ஈரத்தோடும் சொல்லும்போது அதே ஹார்ப்பிகள் அசையாமல் கேட்கின்றன. உண்மையான கதை தங்களுக்கு உணவாக இருந்தது என்கின்றன. அந்தப் பறவைகளிடம் மேரியின் வாக்கியத்தை மட்டும் கொடுத்தால் அவை என்ன செய்திருக்கும் என்று நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு.

அந்த மரித்தோர் உலகைப் பற்றி வாசகர்கள் கருத்து பிளவுபட்டுக் கிடப்பதில் வியப்பில்லை. நல்லவர், தீயவர் என்ற பாகுபாடின்றி அனைவரும் அடைபட்டிருக்கும் அந்தச் சாம்பல் நிற வெளியில், பல நூற்றாண்டுகளுக்கு முன் விசுவாசத்துக்காக உயிர்நீத்த ஒரு பெண் எழுந்து, எங்களுக்குச் சொல்லப்பட்ட சொர்க்கம் இதுதானா என்று கேட்கிறாள். ஒரு துறவியோ இதுவே சொர்க்கம், உங்கள் கண்களுக்குத்தான் தெரியவில்லை என்று சாதிக்கிறார். என் தோழி இந்தப் பகுதியில் நூலை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் திரும்ப எடுத்தார். பிறகு, லைராவின் இறந்துபோன நண்பன் ரோஜர் முதல் ஆவியாக வெளியே கால் வைத்து, தான் இரவாகவும் விண்மீன் ஒளியாகவும் காற்றாகவும் கரைவதை உணர்ந்து வியப்பில் சிரிக்கும் இடம் வருகிறது. அணுக்களாகச் சிதறுவதை விடுதலையாகக் காட்டுவது சிலருக்கு ஆறுதலாகவும், சிலருக்கு வெறுமைக்குப் பூசிய வண்ணமாகவும் படுகிறது. இழப்பைச் சந்தித்து அதிக நாள் ஆகாதவர்களிடம் இந்தப் பக்கங்களைப் பற்றி விவாதிப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

ஆனால் இளம் வாசகர்களிடம் இந்த நூல்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அவர்களுடைய கோபம் கடவுளைப் பற்றியதாக இருப்பதே இல்லை. லைராவையும் வில்லையும் ஏன் பிரித்தார் என்றுதான் கேட்கிறார்கள். இருவரும் வெவ்வேறு உலகங்களில் பிறந்தவர்கள். அந்த உலகங்களுக்கு இடையே ஓர் அபூர்வக் கத்தியால் அறுக்கப்பட்ட ஒவ்வொரு சாளரத்தின் வழியாகவும், உணர்வுக்கு ஆதாரமான தூசு கசிந்து வீணாகிறது. ஒரு டீமன் தான் பிறந்த உலகில் மட்டுமே முழு ஆயுளும் வாழ முடியும் என்பதால், ஒருவர் மற்றவரின் உலகில் குடியேறினால் பத்தாண்டுகளுக்குள் நோயுற்றுச் சாக நேரும். ஒரே ஒரு சாளரத்தைத் திறந்து வைக்கலாம் என்று தெரியவரும்போது அவர்களுக்குள் நம்பிக்கை எழுகிறது. ஆனால் அதை மரித்தோர் வெளியேறுவதற்காக விட்டுவிட வேண்டும் என்பது அவர்களுக்கே புரிந்துவிடுகிறது. இதைப் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, இந்த விதிகளெல்லாம் பிரிப்பதற்கென்றே கடைசி நேரத்தில் கட்டப்பட்டவை என்று தோன்றுகிறது. அந்தக் கணக்கில் எழுத்தாளரின் விரல் தராசுத் தட்டில் இருப்பதை நானும் பார்க்கிறேன். ஆனாலும் அவர் கையை எடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சொர்க்கத்தை மறுத்த கதை, முன்பின் அறியாத கோடிக்கணக்கான ஆவிகளுக்காகத் தங்கள் வாழ்வின் ஒரே இன்பத்தைத் துறக்கும்படி இரண்டு சிறுவர்களைக் கேட்கிறது. துறவறத்தைப் போற்றும் எந்த மதத்தின் ஏட்டிலும் பொருந்தக்கூடிய முடிவு இது.

தோழி இதை ஏற்கவில்லை. துறவு என்றால் யாருக்காகத் துறக்கிறோமோ அவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இங்கே பார்க்க எவருமில்லை என்றார். பார்க்க எவருமில்லாதபோதும் செய்தார்கள் என்பதுதானே என் வாதம் என்றேன். அந்த இடத்தில் எங்கள் பேச்சு நின்றுவிட்டது.

ஆண்டுக்கொரு முறை, கோடையின் நடுநாளில், நண்பகலில், இருவரும் தத்தம் உலகத்தில் ஆக்ஸ்போர்டின் தாவரவியல் பூங்காவில் உள்ள ஒரே இருக்கையில் வந்து அமர்வதாக முடிவு செய்துகொண்டு பிரிகிறார்கள். அந்தப் பூங்காவில் அப்படி ஓர் இருக்கை உண்மையிலேயே இருக்கிறது. அதன் மரத்தில் லைரா, வில் என்ற பெயர்களை வாசகர்கள் செதுக்கியிருப்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். சில எழுத்துகள் ஆழமாகவும் நேராகவும் இருக்கின்றன, சில அவசரத்தில் கீறப்பட்டவை.

அந்தப் படத்தைத் தோழிக்கு அனுப்பினேன். இருக்கையின் எந்தப் பக்கம் லைராவினுடையது என்று கேட்டு ஒரு வரி பதில் வந்தது.