பிரஷ் போக வேண்டிய இடம் ஈறோரம்

"ஹார்ட்" என்று அச்சிட்ட பிரஷ்ஷை வாங்காதீர்கள். அதை வைத்துக் குறுக்கே அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும், பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவப் பள்ளம் விழும். பிறகு ஐஸ் தண்ணீர் பட்டாலே கூசும். "சாஃப்ட்" போதும். தலை சிறிதாக, கடைசிக் கடைவாய்ப்பல் வரை எட்ட வேண்டும். கைப்பிடியின் வளைவு நெளிவெல்லாம் உங்கள் விருப்பம்.

அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் பெயரால் வழங்கும் முறையைத்தான் பெரியவர்களுக்குச் சொல்வேன். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் இழைகளை 45 டிகிரி சாய்த்து வையுங்கள். மேல்வரிசைக்கு மேல்நோக்கி, கீழ்வரிசைக்குக் கீழ்நோக்கி. இழைநுனி இடம் மாறாமல், இரண்டு மூன்று பற்களுக்கு ஓரிடமாக, 10 முதல் 15 முறை மெல்ல அதிர்த்துங்கள். பிறகு கடிக்கும் முனை நோக்கி ஒரு சுழற்று. இழைகள் விரிகின்றனவா? அழுத்தம் அதிகம். பேனா பிடிப்பதுபோல் பிடித்தால் தானே குறையும்.

கீழ் முன்பற்களின் உட்புறத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உமிழ்நீர்ச் சுரப்பி அங்கே திறப்பதால் பல்லில் கெட்டியாக ஒட்டும் காரை அதிகம் படிவதும் அங்கேதான். பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடித்து நுனியால் தேய்க்க வேண்டும்.

எலக்ட்ரிக் பிரஷ் என்றால் தேய்க்கவே வேண்டாம், பல் பல்லாக நகர்த்துங்கள். பல் இடுக்கில் எந்த பிரஷ்ஷும் முழுதாக நுழையாது, அதற்கு ஃபிளாஸ் எனும் பல் இடுக்கு நூல்தான்.

பேஸ்ட் பட்டாணி அளவு, 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு. 2 நிமிடம் தேய்த்துவிட்டுத் துப்புங்கள், உடனே கொப்பளிக்காதீர்கள். ஃபுளோரைடு கழுவிப் போய்விடும்.